ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்

கலிஃபோர்னியாவில் குப்பை கொட்டும் நம் பையன்கள் எல்லோரிடமும், ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவுக்குக் காட்ட ஒரு பட்டியல் இருக்கிறது. யாரோ ஒருவர் ஆதியில் எழுதி, மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்ட மாதிரி எல்லா வீட்டிலும் அதே பட்டியல்தான். கோல்டன் கேட் பாலம். பாதி நாள் பனிமூட்டம் மறைத்திருக்கும், ‘அங்கேதான் இருக்கு’ என்று கையைக் காட்டுவார்கள். லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில். கூகுள் ஆபீஸ் வாசலில் ஒரு போட்டோ. காஸ்ட்கோவில் மலை மலையாய் அடுக்கியிருக்கும் டாய்லெட் பேப்பர். அப்புறம், பியர் 39-ல் கடல் சிங்கம்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைப் பற்றித்தான் இந்த வாரம். ஆனால், பியர் 39 வழியாகத்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

பிப்ரவரி கடைசியில் நான் போனபோது, அக்காவும் அத்தானும் பையன் வீட்டில் அஞ்சு மாசத்தை முடித்திருந்தார்கள். அத்தான் தாலுகா ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு... இந்த நாலுக்குள் அடங்காத எதுவும் உலகத்தில் கிடையாது என்பது அவர் சித்தாந்தம். “ஸீல் பார்க்கப் போறோம்” என்று பையன் சொன்னதும், “ஸீல் வெச்சுத்தாண்டா எனக்குப் பழக்கம். பார்த்துப் பழக்கமில்லை” என்றார்.

பியர் 39 என்பது சான் ஃபிரான்சிஸ்கோ கடலோரத்தில் 1978-ல் திறந்த ஒரு கடைத்தெரு. நம் ஊர்ப் பொருட்காட்சியைக் கழுவித் துடைத்து வைத்த மாதிரி ராட்டினம், ஐஸ்க்ரீம், டி-ஷர்ட் எல்லாம் உண்டு. கடல் சிங்கம் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம். நாற்றமே வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகும். கருவாட்டுக் கிடங்கில் நனைந்த நாயைக் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும்... அப்படி. அப்புறம் சத்தம். தொண்டையில் மாட்டிய மீன் முள்ளை நூறு பேர் ஒரே நேரத்தில் காறி வெளியே எடுக்கப் பார்ப்பது போல, ‘ஆர்க்... ஆர்க்...’ கிட்டே போய் எட்டிப் பார்த்தால், தண்ணீரில் மிதக்கும் மரப் பலகைகளின் மேல் பழுப்பும் கறுப்புமாய் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, காலை எட்டரை மணி தாம்பரம் மின்சார ரயில் மாதிரி ஒரே நெரிசல். பக்கத்துப் பலகை காலியாகத்தான் இருக்கிறது. அதற்குப் போவேனா என்று இதிலேயே இடித்துக்கொண்டு கிடக்கின்றன.

அந்தப் பலகைகள் படகு கட்டுவதற்காகப் போட்டவை. பணக்காரர்களின் படகுகள். 1989 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவை உலுக்கிய பூகம்பம் ஞாபகம் இருக்கலாம். அதை ஒட்டிய நாட்களில் நாலைந்து கடல் சிங்கங்கள் வந்து ஏறின. 1990 ஜனவரிக்குள் கூட்டம் கூட்டமாக வந்துவிட்டன. வளைகுடாவில் மீனுக்குப் பஞ்சமில்லை, ஒதுக்குப்புறமான பத்திரமான இடம், வாடகை கிடையாது. வேறென்ன வேண்டும்? படகுக்காரர்கள் நாற்றம் தாங்காமல் புகார் கொடுத்தார்கள். கடல் பாலூட்டிகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஓர் அமைப்பைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள். அவர்கள், ‘அதுகள் இருக்கட்டும், படகுகளை மாற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். படகுகள் வேறு இடத்துக்குப் போயின.

அத்தானுக்கு இது பிடிக்கவே இல்லை. “அப்பட்டமான ஆக்கிரமிப்பு! நோட்டீஸ் கொடுத்துக் காலி பண்ண வேண்டியதுதானே?”

“தொடக்கூடாதுப்பா. 1972-லயே சட்டம் போட்டுட்டாங்க. தொந்தரவு பண்ணினா அபராதம்.”

அத்தான் விரல்விட்டு எண்ணினார். “தொண்ணூறுலேர்ந்துன்னா... பன்னெண்டு வருஷம் எப்பவோ தாண்டியாச்சு. அனுபவ பாத்தியதையே வந்திருக்கும். இனிமே ஒண்ணும் பண்ண முடியாது.” ரிட்டயர் ஆகியும் ஃபைலை மூடிவிட்டுத்தான் நகர்ந்தார்.

2009 நவம்பரில் எண்ணியபோது 1,701 இருந்தனவாம். அடுத்த சில வாரங்களில் ஏறக்குறைய எல்லாமே மாயம்! சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி பண்ணிய குடித்தனக்காரர் மாதிரி. 2010 தொடக்கத்தில் திரும்பி வர ஆரம்பித்தன. 2024 மே மாதம் மறுபடி ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பாலும் ஆண்கள்தான். சேவல் பண்ணை மேன்ஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் குடும்பம் நடத்தத் தெற்கே உள்ள சேனல் தீவுகளுக்குப் போய்விட்டு, முடிந்ததும் திரும்பவும் மேன்ஷனுக்கு.

இதைவிடப் பெரிய வழக்கு சான் டியேகோ பக்கம், லா ஹோயாவில். எல்லன் ப்ரௌனிங் ஸ்க்ரிப்ஸ் என்ற சீமாட்டி, குழந்தைகள் பயமில்லாமல் கடலில் குளிக்கட்டும் என்று சொந்தப் பணத்தில் வளைவாக ஒரு சுவர் கட்டிக் கொடுத்தார். 1931-ல். பெயரே ‘சில்ட்ரன்ஸ் பூல்’. தொண்ணூறுகளில் ஸீல்கள் வந்து படுத்துக்கொண்டன. குழந்தைகளுக்கா ஸீல்களுக்கா என்று வருஷக்கணக்கில் கோர்ட்டு, கேஸு, அப்பீலு. இப்போது டிசம்பர் 15 முதல் மே 15 வரை, அதாவது ஸீல்களின் பிரசவ காலத்தில், மனிதர்கள் மணலில் கால் வைக்கக் கூடாது. 2014-லிருந்து இந்த ஏற்பாடு. மிச்ச மாதங்களில் ‘அட்ஜஸ்ட்’ பண்ணிக்கொள்ள வேண்டியது.

ஸீல் வேறு, கடல் சிங்கம் வேறு. கண்டுபிடிக்க சுலபம். காதைப் பாருங்கள். சின்னதாகச் சுருட்டின வெற்றிலை மாதிரி மடல் இருந்தால் கடல் சிங்கம். வெறும் ஓட்டைதான் என்றால் ஸீல். காது தெரியாத தூரமா? நடையைப் பாருங்கள். கடல் சிங்கம் பின் துடுப்புகளை உடம்புக்கு அடியில் மடித்து வைத்துக்கொண்டு நாலு காலில் நடக்கிற மாதிரி நடக்கும், ஓடக்கூட ஓடும். ஸீலுக்கு அது முடியாது. வயிற்றால் எம்பி எம்பி, மூட்டைப்பூச்சி மருந்து குடித்த கம்பளிப்புழு மாதிரி நகரும். நாலு எம்பு எம்பிவிட்டு, மூச்சு வாங்கிப் படுத்துவிடும். சர்க்கஸில் பந்தை மூக்கில் நிறுத்துகிறதே, அதைப் பலபேர் ஸீல் என்கிறார்கள். அது கடல் சிங்கம்.

சரி, இப்போது பட்டியலில் இல்லாத இடம்.

பெயர் பியேத்ராஸ் ப்ளாங்காஸ். ஸ்பானிஷ் மொழியில் வெள்ளைப் பாறைகள். பாறை நிஜமாக வெள்ளை இல்லை. பறவைகள் பல தலைமுறையாக எச்சமிட்டு அடித்து வைத்த சுண்ணாம்பு. சான் ஹொசேயிலிருந்து தெற்கே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். 101-ல் பாசோ ரோப்லெஸ் வரை போய், அங்கிருந்து கடலைப் பார்த்து வலது பக்கம் ஒடித்தால் பச்சைக் குன்றுகளுக்கு நடுவே இறங்கும் ரோடு கேம்ப்ரியாவில் கொண்டுபோய் விடுகிறது. அப்புறம் கடலோரமாகவே வடக்கே. ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளி குன்றின் மேல் கட்டிய மாளிகை வழியில் வரும். எல்லா பஸ்ஸும் அங்கே திரும்பிவிடும். நேராகப் போக வேண்டும். இடது பக்கம் ஒரு கார் பார்க்கிங், ஒரு மரப் பாலம் போல நடைபாதை, ஒரு வேலி. அவ்வளவுதான். கடை கிடையாது, டிக்கெட் கவுண்ட்டர் கிடையாது.

பையன் ஓட்டினான். முந்தின வாரம் முழுக்க அவன் ஆபீஸில் ‘ரிலீஸ்’. பகலில் இங்கே வேலை, ராத்திரி பெங்களூர் டீமோடு போன். வெள்ளிக்கிழமை விடிகாலை மூணு மணிக்குப் படுத்தவன் சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு வரை எழுந்திருக்கவில்லை. அவன் ரூம் கதவுக்கு வெளியே அத்தான் ஏழு மணியிலிருந்தே சுப்ரபாதம். “சூரியன் உச்சிக்கு வந்தாச்சு... எங்க காலத்துல அஞ்சு மணிக்கு எழுந்து... இதுக்குத்தான் அமெரிக்காவா...” பையன் எழுந்து வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கையில் காபியோடு காரை எடுத்துவிட்டான்.

வேலியோரம் போய் நின்றோம். கீழே மணல். மணல் பூரா மூட்டை மூட்டையாக... லாரியிலிருந்து நெல் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டுக் கூலிக்காரர்கள் டீ குடிக்கப் போன மாதிரி. ஒன்றும் அசையவில்லை. ஒரு மூட்டை மட்டும் துடுப்பால் மணலை வாரித் தன் முதுகில் போட்டுக்கொண்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இவைதான் யானை ஸீல்கள். வயசுக்கு வந்த ஆணுக்கு மூக்கு தும்பிக்கை மாதிரி வளர்ந்து வாய்க்கு மேல் தொங்கும். நாலரை மீட்டர் நீளம், 2,000 கிலோவுக்கு மேல் எடை. ஒன்றரை அம்பாஸடர் காருக்கு மேலே, ஸ்டெப்னியோடு சேர்த்து.

அத்தான் ஒரு நிமிஷம் பார்த்தார். ரெண்டு நிமிஷம் பார்த்தார். “இதுக்கா இவ்வளவு தூரம்? எங்க ஆபீஸுக்கு மத்தியானம் ரெண்டரை மணிக்கு வந்திருந்தா இதைவிட நல்லா காட்டியிருப்பேனே!”

“செத்துப்போச்சாடா?” இது அக்கா.

பக்கத்தில் நீல ஜாக்கெட் போட்ட ஒரு பாட்டி சிரித்தார். மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்துவிட்டது போலிருக்கிறது. தினமும் நூறு பேர் இதையே கேட்பார்களாம். ‘யானை ஸீல் நண்பர்கள்’ என்று 1997-ல் தொடங்கிய தொண்டர் அமைப்பைச் சேர்ந்தவர். சம்பளம் இல்லாமல், காற்றில் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அலுக்காமல் விளக்கம் சொல்கிறார்கள். அவர் சொன்னதை நான் அரைகுறையாகவும் பையன் முழுசாகவும் மொழிபெயர்த்தோம்.

இந்த ஜீவன்கள் வருஷத்தில் எட்டு முதல் பத்து மாதம் கடலில் இருக்கின்றன. கரையோரம் சும்மா நீந்திக்கொண்டு அல்ல. ஆண்கள் வடக்கே அலாஸ்கா வரை, பெண்கள் பசிபிக் நடுக்கடல் வரை. வருஷத்துக்குப் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். அதுவும் மேலே மிதந்துகொண்டு இல்லை. ஒரு முங்கு முங்கினால் இருபது, முப்பது நிமிஷம். சாதாரணமாக அரை கிலோமீட்டர் ஆழம். சில முங்கல்களில் ஒன்றரை கிலோமீட்டருக்கும் கீழே போயிருப்பதைக் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். மேலே வந்து ரெண்டு மூணு நிமிஷம் மூச்சு. திரும்ப முங்கு. ராத்திரி பகல் கிடையாது. ஷிஃப்ட் மாற்ற ஆள் கிடையாது.

“அப்ப எப்போ தூங்கும்?” என்றார் அத்தான்.

நல்ல கேள்வி. இதற்கு விடை தெரியாமல்தான் விஞ்ஞானிகளே ரொம்ப நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்கள். ஜெஸிகா கெண்டல்-பார் என்ற ஆராய்ச்சியாளரும் சாண்டா க்ரூஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழுவினரும், ஸீலின் தலையில் குல்லா மாதிரி ஒன்றை மாட்டி, மூளையின் மின் அலைகளைப் பதிவு பண்ணும் கருவியோடு கடலுக்கு அனுப்பினார்கள். முடிவை 2023 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். கடலில் இருக்கும் மாதங்கள் முழுக்க, யானை ஸீல் தூங்குவது ஒரு நாளைக்கு சராசரி ரெண்டு மணி நேரம்! அதுவும் ஒரே மூச்சில் இல்லை. பத்துப் பத்து நிமிஷமாகத் தவணை முறையில்.

எப்படித் தூங்குகிறது என்பதுதான் விசேஷம். மேலே மிதந்துகொண்டு தூங்கினால் சுறாவுக்குப் பலகாரம். அதனால் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு முதலில் ஆழத்துக்கு முங்குகிறது. சுறா வழக்கமாகத் திரியும் மட்டத்தைத் தாண்டினதும் கண் செருகுகிறது. உடம்பு தளர்ந்து மெள்ள மல்லாக்கப் புரண்டு, மரத்திலிருந்து உதிர்ந்த இலை சுற்றிச் சுற்றி விழுகிற மாதிரி இருட்டில் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. சில நேரம் கடல் தரையில் போய் மெத்தென்று உட்கார்ந்துகூட விடும். பத்து நிமிஷம் கழித்து முழிப்பு. முந்நூறு மீட்டருக்கு மேலே இருக்கும் மூச்சைத் தேடி நீந்தி வருகிறது. அலாரம் வைத்து எழுப்ப யாரும் இல்லை, பாருங்கள். முழிக்காவிட்டால் முழிக்காததுதான்.

கரைக்கு வந்தால் தினம் பத்து மணி நேரத்துக்கு மேல் தூக்கம். நாம் வேலியோரம் நின்று சோம்பேறி என்கிறோமே, அந்தத் தூக்கம்.

ஆனால் லீவு என்று நினைத்துவிடாதீர்கள். கரையில் இருக்கும் வரை ஒரு வாய் சாப்பாடு கிடையாது. வருஷத்துக்கு ரெண்டே தடவைதான் பெரியவை கரையேறும். ஒன்று மெடர்னிட்டி லீவு. இன்னொன்று மெடிக்கல் லீவு. இரண்டாவது, தோல் உரிக்க. நமக்குத் தினம் கொஞ்சமாய் உதிர்வது இதற்கு மொத்தமாகக் கழலும். ஏப்ரல், மே வாக்கில் பெண்களுக்கு. ஜூலை, ஆகஸ்டில் பெரிய ஆண்களுக்கு. மேல்தோல் முடியோடு சேர்ந்து, பழைய வீட்டுச் சுவரில் பெயின்ட் உரிகிற மாதிரி பட்டை பட்டையாய்த் தொங்கும். அந்த ஒரு மாதமும் பட்டினி.

நாங்கள் போனது மெடர்னிட்டி லீவின் கடைசிக் கட்டம். நவம்பர் கடைசி, டிசம்பரில் ஆண்கள் வந்து இடம் பிடிக்கும். மார்ச் வரை, சுமார் நூறு நாள், தண்ணீர்கூடக் குடிக்காமல் காவல். ஒருவன் மணலில் ராஜா. அவனைச் சுற்றி இருபது, முப்பது, சில இடங்களில் ஐம்பது பெண்கள். ஓரத்தில் வாலிபப் பசங்கள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள். ராஜா தும்பிக்கையை வாய்க்குள் மடித்து ஒரு குரல் கொடுப்பான். புல்லட் மோட்டார் சைக்கிளைக் கிணற்றுக்குள் ஸ்டார்ட் பண்ணின சத்தம். பெரும்பாலும் அந்தச் சத்தத்திலேயே பசங்கள் பின்வாங்கிவிடுவார்கள். பின்வாங்காதவன் நெஞ்சோடு நெஞ்சு மோதி, பல்லால் கழுத்தைக் கிழித்து... ராஜாவின் கழுத்தைப் பார்த்தேன். வாழைப்பட்டை மாதிரி தழும்பு மேல் தழும்பு. பெரும்பாலான ஆண்களுக்கு ஆயுசு முழுக்க ஒரு தடவைகூடச் சந்தர்ப்பம் வருவதில்லையாம். இந்த வரியைப் படிக்கும் மேன்ஷன்வாசிகள் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். நமக்காவது தரகர், ஜாதகம் என்று ஏதோ இருக்கிறது.

பெண்ணுக்கு வேறு கணக்கு. கரையேறி ஒரு வாரத்துக்குள் குட்டி போடுகிறது. ஒன்றே ஒன்று. பிறக்கும்போது சுமார் முப்பது கிலோ. நாலு வாரம் பால். நம் ஊரில் ஃபுல் க்ரீம் பால் என்று வாங்குகிறோமே, அதில் கொழுப்பு 6 சதவிகிதம். இந்தத் தாயின் பாலில் ஐம்பது சதவிகிதத்தைத் தாண்டுகிறது. பால் என்று சொல்வதைவிட வெண்ணெய் என்றே சொல்லலாம். குட்டி நாலே வாரத்தில் நாலு மடங்காகி, நூற்றிருபது கிலோவைத் தாண்டிய உருளையாகிவிடும். அந்த நாலு வாரமும் தாய்க்குப் பச்சைத் தண்ணீர் கிடையாது. தன் உடம்பைக் கரைத்துத்தான் கொடுக்கிறது. வந்தபோது இருந்த எடையில் ஏறக்குறைய நாற்பது சதவிகிதம் போய்விடும். அப்புறம் ஒரு நாள், ஆணோடு சேர்ந்துவிட்டு, கடலில் இறங்கிப் போய்விடுகிறது.

“குட்டி?”

“இங்கேயேதாம்மா இருக்கும்.”

“திரும்ப வந்து பார்க்காதா?”

பையன் பாட்டியைக் கேட்டான். பாட்டி தலையை ஆட்டினார். அடுத்த வருஷம் தாய் இதே கரைக்கு வரும்தான். ஆனால், வேறு குட்டி போட. பழைய குட்டியை அதற்குத் தெரியாது.

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. “பெத்த தாயா அது?” என்றாள்.

கீழே ஒரு மூலையில் பத்துப் பதினைந்து குட்டிகள் தனியாகக் குவிந்து கிடந்தன. பால் மறந்தவை. யாரும் வரப்போவதில்லை. இன்னும் ரெண்டு ரெண்டரை மாதம் சேமித்த கொழுப்பில் காலம் தள்ளும். எடையில் மூணில் ஒரு பங்கு கரையும். தேங்கிய ஆழமில்லாத தண்ணீரில் தானே முங்கி, தானே மூச்சு முட்டி, தானே நீச்சல் கற்றுக்கொள்ளும். சாயங்காலமும் ராத்திரியும்தான் பயிற்சி அதிகம். மார்ச், ஏப்ரலில் ஒரு நாள் பசி தாங்காமல், வழி சொல்ல ஆளில்லாமல், பசிபிக்கில் இறங்கும். ஏறக்குறைய பாதிக் குட்டிகள் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. ஒரு குட்டி ஒரு முழ ஆழத் தண்ணீரில் தலையை விட்டுக் குமிழி விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

காற்று பலமாக அடித்ததால் காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டோம். எலுமிச்சம் சாதம், தயிர் சாதம், உருளைக்கிழங்குக் கறி. பையன் “போதும்மா, போதும்மா” என்று தட்டைப் பின்னால் இழுக்க இழுக்க, அக்கா மூன்றாவது கரண்டியையும் போட்டாள்.

“சும்மா சாப்பிடு. அடுத்த மாசம் நாங்க கிளம்பிடுவோம்.”

சாப்பிட்ட கையோடு பையன் ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். ரெண்டு நிமிஷத்தில் குறட்டை. மறுபக்க நடைபாதை பாக்கி இருந்தது. “எழுப்பட்டுமா அத்தான்?” என்றேன்.

“வேண்டாம்ப்பா. அரை மணி கிடக்கட்டும்.” அத்தான் இறங்கி, கார்க் கதவை ரெண்டு கையாலும் பிடித்துச் சத்தம் வராமல் சாத்தினார்.

வடக்குப் பக்க நடைபாதையில் கூட்டம் குறைவு. நடந்துகொண்டே பாட்டியிடம் கேட்ட கதையைச் சொன்னேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விளக்கெரிக்கவும் மெஷினுக்கு மசகு போடவும் எண்ணெய் வேண்டியிருந்தது. திமிங்கிலத்தைத் தேடி நடுக்கடலுக்குப் போக வேண்டும். யானை ஸீல் கரையில் தூங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் போய் அடித்தால் போதும், கொழுப்பைக் காய்ச்சினால் பீப்பாய் பீப்பாயாய் எண்ணெய். 1880-களில் இந்த இனமே அற்றுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். 1892-ல் மெக்ஸிகோவுக்குச் சொந்தமான குவாடலூப்பே தீவில், சார்லஸ் டவுன்ஸெண்ட் என்பவர் போன பயணத்தில் எட்டு யானை ஸீல்கள் கண்ணில் பட்டன. உலகத்திலேயே கடைசி எட்டாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். என்ன செய்தார்கள் தெரியுமா? ஏழைக் கொன்று ம்யூஸியத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அழியப்போகிற இனம், மாதிரிக்கு வேண்டுமே!

நல்லவேளை, கடலில் முங்கிக்கொண்டிருந்த சில அன்றைக்குக் கரையேறவில்லை. நூறுக்கு மேல் மிச்சம் இருந்திருக்காது என்கிறார்கள். 1922-ல் மெக்ஸிகோ அரசு பாதுகாப்புக் கொடுத்தது. கொஞ்ச காலத்தில் அமெரிக்காவும். மெள்ள மெள்ள வடக்கே பரவி, 1990 நவம்பரில் ரெண்டு டஜனுக்கும் குறைவாக இந்தக் கரையில் வந்து ஏறின. 1992-ல் முதல் குட்டி. இன்று இந்த ஒரு கரையைப் பயன்படுத்துபவை மட்டும் சுமார் 25,000. மொத்த ஜனத்தொகை ரெண்டு லட்சத்தை ஒட்டி.

“அப்ப எல்லாமே ஒரே குடும்பம்தான்” என்றார் அத்தான். “வாரிசு சர்ட்டிபிகேட் எழுதறது சுலபம்.”

வேடிக்கையாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். ஒரு கைப்பிடியிலிருந்து கிளைத்த வம்சம் என்பதால் ரத்தத்தில் வித்தியாசம் ரொம்பக் குறைவு. புது வியாதி ஒன்று வந்தால் ஒன்றுக்கு ஆகாதது எல்லாவற்றுக்கும் ஆகாமல் போகலாம். தென்கோடியில் இதன் பங்காளி இனம் இருக்கிறது. 2023-ல் அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் பறவைக் காய்ச்சல் புகுந்து, அந்த சீஸனில் பிறந்த குட்டிகளில் 17,000-க்கு மேல் செத்துப்போயின. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. எண்ணிக்கையைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட முடியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஜனவரி கடைசி, பிப்ரவரியில் சண்டை, பிரசவம், குட்டி எல்லாம் பார்க்கலாம். ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் தோல் உரிக்க வரும் கூட்டம் மணலே தெரியாத அளவுக்கு இருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து அவ்வளவு தூரம் போக முடியாது என்றால், சாண்டா க்ரூஸ் போகிற வழியில் அன்யோ நூவோ இருக்கிறது. குளிர்காலத்தில் வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள், முன்கூட்டியே பதிவு பண்ண வேண்டும். பியேத்ராஸ் ப்ளாங்காஸில் அந்த வம்பெல்லாம் இல்லை. வருஷம் பூரா திறந்திருக்கும். நுழைவுக் கட்டணம் இல்லை, பார்க்கிங்குக்கும் காசு இல்லை. குளிருக்கு மட்டும் ஏதாவது போர்த்திக்கொண்டு போகவும்.

“எல்லாம் இலவசமா?” என்றார் அத்தான். “அப்ப இன்னொரு தடவை பார்த்துட்டு வரலாம்.” மப்ளரை இறுக்கிக்கொண்டு மறுபடி வேலியோரம் போய் நின்றுவிட்டார்.